தாய்மாமனும் உள்வட்டமும்

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெரிய சோபாவை, சுவரில் கீறல் விழாமல் எப்படி இறக்குவது என்று கேளுங்கள், சொல்கிறேன். லிப்டில் நுழையவே நுழையாத பிரிட்ஜை எப்படி நுழைப்பது என்று கேளுங்கள், செய்தே காட்டுகிறேன். பிள்ளையின் படிப்புக்கு எப்படி ஒத்தாசை செய்வது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏனென்றால் அதற்கும் பதில் சொல்லிவிடுவேன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு எதிலும் சந்தேகமே வராது. மேலே படித்தவர்களுக்குத்தான் அந்த வியாதி.

புனேயில், ஹடப்சரில், எனக்கு சாமான் ஷிஃப்டிங் வேலை. மகர்பட்டா டவர்களில் இருக்கிற ஐ.டி. பிள்ளைகள் இந்த டவரிலிருந்து அந்த டவருக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள் (எதுக்குன்னு அவங்களுக்கே தெரியாது). அவர்களுடைய கட்டில், பீரோ, துணி காயப்போட மட்டும் பயன்படும் டிரெட்மில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிற ஆள் நான். என்னிடம் நாலு பக்கமும் சுழலும் சக்கரம் வைத்த ஒரு தட்டையான டிராலி உண்டு. கயிறும் பெல்ட்டும் உண்டு. என் மகள் ஸ்வாதிக்கு வந்த வினைக்கு இந்த டிராலிதான் வாகனம்.

ஸ்வாதி அப்போது ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாவது. காலேஜில் சயின்ஸ் எக்ஸிபிஷன் வைத்தார்கள். ஜட்ஜாக வரப்போவது ஊரில் இருக்கிற பெரிய ஆராய்ச்சி நிலையத்து மேடம் ஒருவர். பரிசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மேடம் எல்லா புராஜெக்டையும் பார்த்து, ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, தீபாவளி லீவு முழுக்கத் தன்னுடைய ஆராய்ச்சி நிலையத்துக்கு வரச்சொல்வாராம். ஸ்வாதிக்கு அந்த இடம் வேண்டும். எப்படி வேண்டும் என்றால், அவளுடைய போனைத் திறந்தால் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கேட்தான் போட்டோவாகத் தெரியும். உள்ளே போன ஆள் அல்ல, வெறும் கேட். மற்ற பிள்ளைகள் ஹீரோ போட்டோ வைக்கிற இடத்தில் என் பிள்ளை ஒரு இரும்புக் கதவை வைத்திருந்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி டப்பாக்களை அடுக்கிவைத்து எனக்குப் பாடம் எடுத்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழ் பாதி வழியில் பஸ் மாறி இந்திக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்.

"அப்பா, சுனோ, கேளு. இங்க ஒரு சார்ஜ், இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. நடுவுல ஒரு குட்டி பாசிட்டிவ் சார்ஜ். மூணு பேரும் இதை இழுப்பாங்க, அலக் அலக், வேற வேற பக்கமா. எல்லா இழுப்பையும் கூட்டினா கடைசில இது எந்தப் பக்கம் போகும், எவ்ளோ ஜோரா போகும்? அதான் நெட் ஃபீல்டு. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என் புராஜெக்ட்."

"இதுக்கு எதுக்கும்மா காலேஜ்? நம்ம சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல ஒரு நாள் உக்காந்திருந்தா தெரிஞ்சிரும்."

"ஜோக் பண்ணாத. கூட்டறதுன்னா சாதா கூட்டல் இல்ல. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு இழுத்தா நாலு இல்ல. ஜீரோ."

"ரெண்டு பேர் முக்கி முனகி இழுத்தும் சைபரா? பாவம்."

ஒரு சின்ன மேஜை, நடுவில் ஒரு வளையம், மூன்று பக்கமும் நூல். இதைத்தான் அவள் முதலில் செய்யப்போவதாக இருந்தாள். அழகாக, அடக்கமாக, யாருக்கும் கெடுதல் இல்லாத மாடல். அப்போது என் வாய் திறந்தது.

"இத்துனூண்டு வளையத்தை யாரு குனிஞ்சு பாப்பா? பெருசா பண்ணும்மா. என் டிராலி இருக்கு. கயிறு இருக்கு. அந்தக் குட்டி சார்ஜா நானே உக்கார்றேன்."

"நீ... குட்டியா?"

"பெரிய குட்டி."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு டப்பாக்களையே பார்த்தாள். கண் லேசாகப் பெரிதானது. "அப்பா, ஆள் வேணுமே. மூணு பேர். ஆடாம ஒரே மாதிரி இழுக்கணும்."

"ஆளுக்கா பஞ்சம்? உங்கம்மா இருக்கா. பெரியப்பா இருக்கார். மாமா இருக்கார்."

என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, எங்கண்ணனையும் ஒங்கண்ணனையும் ஒரே இடத்துலயா?" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு பேரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் முருகேசன், மகர்பட்டாவில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். விசில் இல்லாமலே விசில் மாதிரிப் பேசுவார். செல்வியின் அண்ணன் பாண்டி, எனக்கு மச்சான், ஸ்வாதிக்குத் தாய்மாமன். கட்கி பக்கம் சர்க்காரி பேக்டரியில் ஃபிட்டர். இரண்டு பேருமே தங்கமானவர்கள், தனித்தனியாக இருக்கும்வரை. ஸ்வாதிக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்காரவைப்பது என்று எவனோ விளையாட்டாகக் கேட்கப்போய் (நான்தான்), "தாய்மாமன் மடி இருக்கயில இதென்ன கேள்வி?" என்று மச்சான் எழுந்து, "அப்ப பெத்த வீட்டுக்காரன் எதுக்கு?" என்று அண்ணனும் எழுந்து, குழந்தை காது குத்துவதற்கு முன்னாலேயே அழுதது. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள்.

எக்ஸிபிஷன் அன்று காலை, காலேஜின் பேட்மின்டன் ஹால். வழுவழுவென்ற தரை. ஸ்வாதி சாக்பீஸால் நடுவில் ஒரு புள்ளி போட்டு, அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டமும், அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் ஒரு பெரிய வட்டமும் வரைந்தாள். உள்வட்டத்தில் 8 என்று எழுதினாள். வெளிவட்டத்தில் 2 என்று எழுதினாள். ரத்திவாலா பழைய பேப்பர் எடை போடுகிற ஸ்பிரிங் தராசு ஒன்றை ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் கட்டினாள். யார் எந்த வட்டத்தில் நிற்கிறாரோ, அந்த வட்டத்தில் எழுதியிருக்கிற கிலோ வரும்வரை முள்ளைப் பார்த்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

ஏன் எட்டு, ஏன் இரண்டு என்றும் சொன்னாள். சார்ஜ் கிட்டத்தில் இருந்தால் இழுப்பு அதிகம். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு பாதியாகக் குறையாது, கால்வாசியாகிவிடும். எட்டில் கால்வாசி இரண்டு. இந்த விளக்கம் நடந்துகொண்டிருந்தபோது நான் தரையில் படுத்து டிராலிச் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். சக்கரங்கள் என்னைவிட நன்றாகக் கவனித்திருக்கும்.

எனக்கு நேர் எதிரே உள்வட்டத்தில் செல்வி. இடது பக்கம் வெளிவட்டத்தில் அண்ணன். வலது பக்கம் வெளிவட்டத்தில் மச்சான் நிற்க வேண்டும். செல்விக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்புக் கொடி. இடமும் வலமும் சமமாக இழுப்பதால் ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் செல்வியின் இழுப்பு மட்டும். டிராலி நேராகக் கொடிக்குப் போகும். (என் கல்யாண வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக இதுவரை யாரும் சொன்னதில்லை.)

"டிராலி கிளம்பின உடனே கயிற விட்டுட்டு ஒதுங்கிடணும். அப்புறம் முக்கியமா, யாரும் பேசக் கூடாது. சார்ஜ் பேசாது," என்றாள்.

"மைனஸ்னா என்னம்மா? எம் பேருல மைனஸ் போட்டிருக்க," என்றார் அண்ணன், நெஞ்சில் தொங்கிய அட்டையைத் தூக்கிப் பார்த்து.

"மைனஸ்தான் பெரியப்பா அப்பாவை இழுக்கும்."

"அது நாஞ் சின்ன வயசுலருந்து இழுத்துக்கிட்டுத்தான இருக்கேன்," என்று சமாதானமானார். என் நெஞ்சில் சிவப்பில் பெரிய பிளஸ் அட்டை. ஒரு பையன் ஓடிவந்து, விரலில் வெட்டிவிட்டது, பேண்டேஜ் இருக்கிறதா என்று மராட்டியில் கேட்டுவிட்டுப் போனான்.

மச்சான் இன்னும் வரவில்லை. அதனால் காலேஜ் வாட்ச்மேனை அவருடைய இடத்தில் நிறுத்தி ஒத்திகை பார்த்தோம். ஷிஃப்டிங் பெல்ட்டால் என்னை நானே டிராலியோடு கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஸ்வாதி கையைத் தட்டினாள். டிராலி நூல் பிடித்த மாதிரி நேராகக் கொடிக்குப் போய் நின்றது. ஸ்வாதி குதித்தாள். "அப்பா, ஒண்ணையும் தொடாத. ஜட்ஜ் மேடத்தைக் கூட்டிட்டு வர்றேன். மாமா வந்ததும் அந்த எக்ஸ் மார்க்ல நிக்கச் சொல்லு. பஸ், அவ்ளோதான்." ஓடிவிட்டாள். அண்ணனும் ஒரு டீ குடித்துவிட்டு வருவதாக வெளியே போனார்.

மச்சான் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஸ்வீட் டப்பா, தாய்மாமன் மண்டபத்துக்குள் நுழைகிற நடை. மைனஸ் அட்டையை மாலை மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார். எக்ஸ் குறியில் போய் நின்றார். சுற்றிப் பார்த்தார். கீழே பார்த்தார். எதிர்ப்பக்கம் காலியாக இருந்த இன்னொரு எக்ஸைப் பார்த்தார்.

"மாப்ள, அங்க யாரு நிக்கிறது?"

"எங்கண்ணன், மச்சான்."

"அப்ப அவரும் நானும் ஒரே தூரமா?"

நான் கயிற்றை நீவிவிட்டேன். "சும்மா ஒரு கணக்குக்குத்தான் மச்சான்."

"என்ன கணக்கு? தாய்மாமன எட்டத்துல நிறுத்துற கணக்கு எந்த ஊர்ல இருக்கு? அந்தப் புள்ளைக்கு மொத மொட்டை யாரு மடியில? காது குத்து யாரு மடியில? நாளைக்கு மாலை எடுத்துக் குடுக்கப் போறது யாரு? இம்புட்டு ஜனம் பாக்கயில என்னையக் கொண்டாந்து ஓரத்துல நிறுத்திருக்க."

"ஓரம் இல்ல மச்சான், வெளிவட்டம்."

"வெளியன்னு நீயே சொல்ற பாத்தியா!"

ஸ்வீட் டப்பாவைச் செல்வியிடம் கொடுத்தார். அட்டையைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்தார். அந்தச் சாவிச் சத்தத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. ஹால் வாசலில் கூட்டம் நகர்ந்து வருவது தெரிந்தது. நடுவில் காட்டன் புடவையில் ஒரு மேடம், பக்கத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு என் மகள். மச்சான் போய்விட்டால் வலது பக்கம் ஆளே இல்லை. வாட்ச்மேனும் கேட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது என் மூளை வேலை செய்தது. ஷிஃப்டிங் மூளை. பீரோவை இழுக்கும்போது கயிறு நீளமாக இருந்தால் என்ன, குட்டையாக இருந்தால் என்ன? இழுக்கிற ஆள் அதே ஆள்தானே? பின்னால் நிற்கிறவன் முன்னால் வந்தால் மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் கட்டினால் போச்சு. இருபது வருஷமாக நான் செய்கிற வேலையில் ஒரு தடவைகூட ஒரு பீரோ, "நீ எவ்வளவு தூரத்திலிருந்து இழுக்கிறாய்?" என்று கேட்டதில்லை.

"மச்சான், வாங்க. முன்னால வாங்க. உள்வட்டத்துக்கு வந்துருங்க. ஒங்க தங்கச்சி நிக்கிற அதே வட்டம்."

செல்வி பதறினாள். "என்னங்க, புள்ள அளந்து கோடு போட்டு வச்சிருக்கு. கலைக்காதீங்க."

"நீ சும்மா இரு. எட்டி நின்னா என்ன, கிட்ட நின்னா என்ன, ஆளு ஒருத்தர்தான?"

"அண்ணனாச்சு, நீங்களாச்சு. நான் எதையும் சொல்லல. நாளைக்கு எங்கம்மா கேட்டா ஒங்களத்தான் கை காட்டுவேன்," என்று தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் முன்னால் வந்தார். நான் கயிற்றைச் சுருக்கிக் கட்டினேன். (அந்த முடிச்சு இன்றைக்கும் என் வாழ்க்கையிலேயே நல்ல முடிச்சு.) அவர் குனிந்து தரையைப் பார்த்தார். ஃபிட்டர் அல்லவா, அளவு என்றால் உயிர். "எட்டுன்னு போட்டிருக்கு. அப்ப எட்டு கிலோ இழுக்கணும். சரியா?"

"ஆமா மச்சான், ஆமா." எட்டோ எண்பதோ, அவர் நின்றால் போதும். பாய்ந்து போய் டிராலியில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன்.

அண்ணன் டீ குடித்துவிட்டு உள்ளே வந்ததும் ஜட்ஜ் மேடம் வந்ததும் ஒன்றாக நடந்தது. அண்ணன் தன் எக்ஸில் நின்று கயிற்றை எடுத்தார். நிமிர்ந்தார். எதிரே மச்சான் உள்வட்டத்தில், என் முழங்காலுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நிற்கிறார். அண்ணன் தன் காலடியைப் பார்த்தார். மச்சான் காலடியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குப் படிப்புப் போதாது. வாய் திறக்கப் போனார். அதற்குள் ஸ்வாதி மேடத்துக்கு முன்னால் வந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்கு முதுகு, மேடத்துக்கும் சார்ட்டுக்கும் முகம்.

ஆங்கிலமும் மராட்டியும் கலந்து கடகடவென்று பேசினாள். எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. சார்ட்டில் ஒரு கோட்டைக் காட்டினாள், டிஸ்டன்ஸ் என்றாள். டிஸ்டன்ஸ் ஹாஃப் ஆனால் ஃபோர்ஸ் சார் பட், நாலு மடங்கு, என்றாள். ஆகவே சார்ஜ் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாம், என்றாள்.

நாலு மடங்கு.

நான் மெதுவாக வலது பக்கம் திரும்பி மச்சானின் காலைப் பார்த்தேன். 8. இடது பக்கம் திரும்பி அண்ணனின் காலைப் பார்த்தேன். 2. ஆறாம் வகுப்பில் பாதிதான் படித்தேன், ஆனால் எட்டும் இரண்டும் ஒன்றல்ல என்பது முதல் வகுப்பிலேயே வந்துவிடுகிறது.

"மச்சான்," என்று உதட்டை அசைக்காமல் முனகினேன். "பின்னால போங்க."

"என்னது?"

"பின்னால. பழைய எடத்துக்கு."

மச்சானின் முகம் சிவந்தது. "கூப்புட்டு வச்சு வெரட்டுறியா மாப்ள? மேடம் வந்ததும் நான் வேணாமாக்கும்?" என்று அதே முனகலில் சொல்லி, இரண்டு காலையும் அகட்டி இன்னும் ஊன்றி நின்றார்.

"மச்சான், ஒங்க கால்ல விழறேன்..." பெல்ட் போட்டிருந்ததால் அதுவும் முடியவில்லை.

ஸ்வாதி திரும்பாமலே, "டெஸ்ட் சார்ஜ் பேசக்கூடாது," என்றாள். மேடம் சிரித்தார். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

கத்தியிருக்கலாம். "நிறுத்தும்மா, தப்பு நடந்துருச்சு" என்று அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சரிசெய்திருப்பாள். ஆனால் அவ்வளவு பெரிய மேடம் முன்னால், அவள் அவ்வளவு அழகாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவளுடைய அப்பன் டிராலியில் கட்டிப்போட்ட பொட்டலமாக உட்கார்ந்து கத்தினால் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே தருணம். அதையும் தப்பான நேரத்தில் செய்தேன்.

மேடம் ஏதோ கேட்டார். ஸ்வாதி நிமிர்ந்தாள். "நான் திரும்பிப் பாக்காமலே சொல்றேன் மேடம். நேரா அந்தச் சிவப்புக் கொடிக்குப் போகும்." சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே கையை உயர்த்தினாள்.

கொடிக்கு வலது பக்கம் என்ன இருந்தது என்பதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. முதலில், விருந்தாளிகளை வரவேற்க யாரோ பாடுபட்டுப் போட்ட பெரிய ரங்கோலி. அதற்குப் பின்னால், அழுக்குத் தண்ணீரைச் சுத்தமாக்கும் புராஜெக்ட். மேஜை மேல் வரிசையாக மூன்று பிளாஸ்டிக் டிரம். முதல் டிரம்மில் கருப்பாக, சுத்தமாவதற்கு முந்தைய தண்ணீர்.

கை தட்டினாள்.

செல்வி எட்டு கிலோ. மச்சான் எட்டு கிலோ, ஃபிட்டர் சுத்தமாக, முள் ஆடாமல். அண்ணன் வெளிவட்டத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். டிராலி கிளம்பியது. எண்ணெய் போட்ட சக்கரம், வழுவழுத் தரை. நேராகக் கிளம்பவில்லை, கோணலாகக் கிளம்பியது. சொன்ன சொல் தவறாமல் மூன்று பேரும் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். என்னை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள்.

"ஏய், ஏய், ஏய்..." என்று நான் ரங்கோலிக்குள் நுழைந்தேன். மயில் ஒன்று இருந்தது, அதன் கழுத்து வழியாகப் போனேன். பிறகு மேஜைக் கால் வந்தது. மேஜை யோசித்தது, சாய்ந்தது. முதல் டிரம், அந்தக் கருப்புத் தண்ணீர், என் உச்சந்தலையில் மரியாதையாக, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை இறங்கியது. கரித்தூள், மணல், ஒரு இலை.

என் தலையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

ஸ்வாதி திரும்பினாள். முதலில் கொடியைப் பார்த்தாள், அங்கே யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிவந்து பெல்ட்டைக் கழற்றினாள். "அடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"சச்சி?"

"சத்தியமா இல்ல."

அடி இல்லை என்று உறுதியானதும் அவள் கண் நிறைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினேழு வயசுப் பிள்ளை, அத்தனை பேர் முன்னால் அழாமல் இருக்கப் படுகிற பாட்டைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைவிட இன்னும் இரண்டு டிரம் தலையில் விழுந்திருக்கலாம். பின்னாலிருந்து மேடம், "காய் ஜாலா?" என்றார், என்ன ஆச்சு என்று. கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஸ்வாதி தரையைப் பார்த்தபடி டிராலி வந்த வழியே திரும்பி நடந்தாள். ரங்கோலிப் பொடியில் சக்கரத் தடம் பளிச்சென்று இருந்தது. நடுப்புள்ளிக்கு வந்தாள். அண்ணன் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். உள்வட்டத்துப் பக்கத்திலேயே நின்ற மச்சானைப் பார்த்தாள். வெளிவட்டத்தில் காலியாகக் கிடந்த எக்ஸைப் பார்த்தாள்.

"மாமாவை யாரு நகத்துனது?"

மச்சான் உத்தரத்தைப் பார்த்தார். செல்வி ஸ்வீட் டப்பாவைப் பார்த்தாள்.

"நாந்தாம்மா," என்றேன். தலையிலிருந்து இலையை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஏன்?"

"தாய்மாமன்... எட்டத்துல நிக்க... அது மரியாதை இல்லன்னு..."

"ஒங்கப்பன் மேல தப்பில்லம்மா," என்று மச்சான் முன்னால் வந்தார். "நாந்தேன் கேட்டேன். நீ பொறந்தப்ப ஒன்னைய மொதல்ல கையில வாங்கினவன் நானு. என்னையப் போயி..."

"அப்ப நான் யாரு? நடுத்தெருவுல நிக்கிறவனா?" என்று அண்ணனின் விசில் ஊதியது. "அவரு உள்ள, நான் வெளியவா? பெத்த வீட்டுக்காரன் வெளியவா?"

காது குத்து மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. பேட்மின்டன் ஹாலில், ஜட்ஜ் முன்னால், நெஞ்சில் ஆளுக்கொரு மைனஸ் அட்டையோடு. மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று ஸ்வாதியிடம் கேட்டார். அந்தப் பிள்ளை தாய்மாமன் உரிமை முழுவதையும், மொட்டையிலிருந்து மாலைவரை, மராட்டியில் மொழிபெயர்க்க வேண்டிவந்தது. காது நுனிவரை சிவந்துவிட்டது அவளுக்கு.

மேடம் முழுதாகக் கேட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் மாமாதான் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்து வருவார், என்றார். மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். ஆனால் பிசிக்ஸில் மாமாவுக்குத் தனிச் சலுகை கிடையாது, என்றார். மச்சான் நெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிறகு மேடம் ஒரு சாக்பீஸை எடுத்து ஸ்வாதியிடம் நீட்டினார். சிரிப்பு போய்விட்டது. "மாமா உள்வட்டத்துலயே நின்னுட்டாருன்னு வச்சுக்கோ. டிராலி எங்க போயிருக்கணும்? சொல்லு."

மொத்த ஹாலும் சுற்றி நின்றது. ஸ்வாதி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டாள். வலது பக்கம் எட்டு, இடது பக்கம் இரண்டு, எதிரெதிர். கழித்தால் வலது பக்கம் ஆறு மிச்சம். நேர் முன்னால் அம்மாவின் எட்டு. முன்னால் எட்டு அளவு அளந்தாள், வலது பக்கம் ஆறு அளவு அளந்தாள், அந்தப் புள்ளியை நடுப்புள்ளியோடு கோடு போட்டு இணைத்தாள். கோட்டை நீட்டிக்கொண்டே மண்டியிட்டபடி ரங்கோலிவரை போனாள்.

கோடு சக்கரத் தடத்துக்குப் பக்கத்தில் போனது. பக்கத்தில்தான். அதன் மேல் விழவில்லை. ஒரு சாண் வலது பக்கம் தள்ளியிருந்தது.

மேடம் குனிந்தார். "ஒரு சாண் வித்தியாசம் ஏன்?"

ஸ்வாதி தடத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். எனக்கு ஏதாவது ஜோக் அடித்துக் காப்பாற்றலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. செல்வி என் ஈரச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் திருகினாள். அடக்கிக்கொண்டேன்.

ஸ்வாதி மெதுவாக எழுந்தாள். "இடது பக்கம் ரெண்டு கிலோ இல்ல மேடம். அதுக்கு மேல இழுத்திருக்கு. மூணு, இல்லன்னா மூணரை." திரும்பினாள். "பெரியப்பா?"

அண்ணன் தராசைத் தடவினார். கூட்டத்தைப் பார்த்தார். விசில் முதல் தடவையாகத் தணிந்து வந்தது. "அந்தாளு உள்ள நிக்கிறதப் பாத்ததும்... கோவத்துல... கொஞ்சம் சேத்து இழுத்துட்டேம்மா."

ஸ்வாதி அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மேடம் கையைத் தட்டிக்கொண்டு, "பரோபர்!" என்றார். சரியாகச் சொன்னாய் என்று. பெரியப்பாவின் கோபம் ஒன்று ஒன்றரைக் கிலோ இருக்கும் என்பதைத் தரையில் இருந்த தடத்தைப் பார்த்தே என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் அதை யாரும் இவ்வளவு துல்லியமாக எடை போட்டதில்லை.

ஆனால் மேடம் வேறொன்றும் சொல்லவில்லை. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அடுத்த மேஜை என்றால், கவிழ்ந்து கிடந்த மேஜை. அந்தத் தண்ணீர் டீம் பிள்ளைகள் அழுகிற நிலையில் நின்றார்கள். ஸ்வாதி என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "மண்."

போனேன். காலேஜுக்குப் பின்னால் தோட்டத்தில் மச்சானும் அண்ணனும் நானும் குனிந்து வாளியில் மண் அள்ளினோம். அழுக்குத் தண்ணீர் தயாரித்தோம். கலங்கல் போதாது என்று அந்த டீம் லீடர் குட்டிப்பெண் இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். போதாக்குறைக்கு என் சட்டையைப் பிழிந்து அந்தத் தண்ணீரையே டிரம்மில் ஊற்றிச் சுத்தமாக்கி மேடத்துக்குக் காட்டினார்கள். முதல் பரிசு அவர்களுக்குத்தான். இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

பரிசுகளை வாசித்து முடித்துவிட்டார்கள். முதலாவதிலும் ஸ்வாதி இல்லை, இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து போனைக் கையில் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அந்த கேட் போட்டோ உள்ளங்கையில் மூடிக் கிடந்தது. நான் அவளுக்குப் பின் வரிசை. ஈரம் காய்ந்து மண் இறுகி, திரும்பினால் கழுத்து நறநறவென்றது. மச்சான் எனக்கு ஒரு பக்கம், அண்ணன் இன்னொரு பக்கம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கடைசியாக மேடம் மைக்கைப் பிடித்தார். நினைத்தது நினைத்தபடி நடக்கிற மாடல் இன்று நிறையப் பார்த்தேன், என்றார். தப்பிப்போன மாடலின் முன்னால் மண்டியிட்டு, ஏன் தப்பியது என்று கண்டுபிடித்த பிள்ளை ஒன்றைத்தான் பார்த்தேன், என்றார். பெயரைச் சொன்னார். ஸ்வாதிக்கு எழுந்திருக்கவே தெரியவில்லை. மச்சான்தான் நாற்காலியின் முதுகைத் தள்ளி எழுப்பினார், மறுபக்கம் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

மேடையில் கையைக் குலுக்கிவிட்டு மேடம் மைக்கிலேயே ஒன்று சேர்த்தார்: "தீபாவளி லீவுக்கு வா. தனியா வா." ஹால் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது.

தனியாகத்தான் போனாள். முதல் நாள் அந்த கேட்வரை நாங்கள் நாலு பேரும் கொண்டுபோய் விட்டோம். செக்யூரிட்டி, யார் உள்ளே போகிறார் என்று கேட்டதும் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் வைத்தோம்.

இப்போது அவள் பி.எஸ்ஸி. படிக்கிறாள். போன மாதம் மச்சான் பேத்திக்குக் காது குத்து. புனே கேம்ப் ஏரியா பக்கம் ஒரு சின்ன ஹால். போட்டோவுக்கு நிற்கும்போது யார் யாருக்குப் பக்கத்தில் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முறைக்க ஆரம்பித்தார்கள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு உட்கார்ந்தேவிட்டார். ஸ்வாதி நடுவில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அரே, யாரு எங்க வேணா நில்லுங்க. எனக்கு ஒண்ணும் பிராப்ளம் இல்ல. எங்க நிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லிட்டு நில்லுங்க. மிச்சத்தை நான் கணக்குப் போட்டுக்கறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது சட்டமாகிவிட்டது. நேற்றுகூட மகர்பட்டாவில் ஒரு கட்டிலை இறக்கிவிட்டு, டீக்கடையில் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டேன். செல்வி போன் செய்தாள். "வந்துக்கிட்டே இருக்கேன்," என்றேன். பின்னால் டீ கிளாஸ் கழுவுகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"எங்க வேணா நில்லுங்க," என்றாள் செல்வி. "எங்கன்னு சொல்லிட்டு நில்லுங்க."